குலுக்கிப் பார்க்காதே

என் அன்புச் சிட்டுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று ஒரு வரி கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது என் வழக்கம், இன்று அந்தக் கேள்வியைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா உன் அறைத் திரைகளைத் துவைத்துத் தலைகீழாக மாட்டிவிட்டார், அதிலிருக்கிற கப்பல் படங்கள் எல்லாம் கவிழ்ந்து கிடக்கின்றன, அவ வந்து நிமிர்த்திக்கட்டும் என்கிறார். மாடி வீட்டுத் தையல்கார அக்கா உன்னை விசாரித்தார். இரைப்பு இருக்குற பொண்ணுக்கு மரப்பட்டறையைத் தவிர வேற வேலையே கிடைக்கலையா என்றார். அவளுக்கு நாற்காலி செய்யத்தான் பிடித்திருக்கிறது என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன், வந்து நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன்.

இழைப்பு எந்திரத்துக்குப் பக்கத்தில் உனக்கு இடம் போட்டிருக்கிறார்கள் என்றாயே, மேஸ்திரியிடம் ஜன்னல் பக்கம் கேள், கூச்சப்படாதே. முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டால் கழுத்துக்குத்தான் பாதுகாப்பு. வேலை முடிந்து வந்ததும் உடுப்பை மாற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார், ஈரத்துண்டை அறைக்குள் காயப்போடாதே, காலையும் மாலையும் இழுக்கிற மருந்தை உடம்பு நன்றாக இருக்கிற நாளிலும் விடாதே, இழுத்ததும் வாய் கொப்பளி. இதெல்லாம் உனக்கு மனப்பாடம், நான் ஆரம்பித்தால் மீதியை நீ சொல்லி முடிப்பாய். நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்த அகால ராத்திரியில் எழுதுகிறேன். படம் பிடித்து போனில் அனுப்பிவிடுவேன், விழித்ததும் படி.

நேற்றுப் பேசும்போது இந்த வாரம் நாலு தடவை, இரைப்பு பிடித்தால் இழுக்கிற அந்த நீல இன்ஹேலர் எடுத்ததாகச் சொன்னாய். புதிது வாங்கினாயா என்றேன். "இன்னும் இருக்கும்மா, குலுக்கிப் பார்த்தேன்" என்றாய். அதற்கப்புறம் நீ சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை, ஒரு மூச்சுக்கு நீ எத்தனை சொல் பேசுகிறாய் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். உடனே வாங்கு என்றேன், சரிம்மா என்றாய். உன் சரிம்மா எனக்குத் தெரியாதா.

நீ இங்கே இருந்தவரை, பாதி மருந்து இருக்கிற இன்ஹேலரை நான் குப்பையில் போடுகிறேன் என்று என்னோடு மல்லுக்கு நிற்பாய். ஏன் போட்டேன் என்று நான் வாயைத் திறந்ததில்லை. உன் சித்திக்கும் இரைப்பு இருந்தது, பதினேழு வயதில் போய்விட்டாள் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். அன்று மத்தியானம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். புத்தக அலமாரியை ஒதுக்கினாள், தூசியில் இரைப்பு பிடித்துக்கொண்டது. நான் இன்ஹேலரைக் காதோரம் குலுக்கினேன், சளக் சளக்கென்றது, இருக்குடி என்று கொடுத்தேன். அழுத்தினால் புஸ்ஸென்று வரத்தான் செய்தது. நாலைந்து தடவை இழுத்துவிட்டு என்னைப் பார்த்து, "கேக்கலக்கா" என்றாள். மருந்து கேட்கவில்லை என்கிறாள், சிட்டு. நான் சத்தம் கேட்கவில்லை என்கிறாள் என்று நினைத்து, அவள் காதோரம் கொண்டுபோய் மறுபடி குலுக்கிக் காட்டினேன். ஒழுங்கா இழு என்று திட்டவும் செய்தேன். அவள் திரும்பச் சொல்ல முயன்றாள், சொல்ல மூச்சு இல்லை. நான் தெருவுக்கு ஓடி வண்டி பிடித்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், இது எப்போது வாங்கியது என்று கேட்டார், சொன்னேன். "அப்ப மருந்து எப்பவோ தீர்ந்திருக்கும், இது வெறும் காத்தும்மா" என்றார். நான் அப்போது கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன்.

மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே வாயு மிஞ்சியிருக்கும், அது சளக்கென்கும், புஸ்ஸென்கும், எல்லாம் செய்யும், மூச்சை மட்டும் திறக்காது. டப்பாவில் எத்தனை அழுத்து என்று போட்டிருக்கும், எடுக்க எடுக்கக் கோடு போட்டு வை. வாரத்தில் நாலு தடவை தேவைப்படுகிறது என்றால் அதற்கே டாக்டரிடம் போக வேண்டும், இந்த வாரமே போ. எடுத்தும் கேட்கவில்லை என்றால் படுக்காதே, நிமிர்ந்து உட்கார், ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல். அறைத்தோழிக்கும் இதைச் சொல்லி வை, நீ எந்தச் சொல்லைச் சொன்னாலும் அவளுக்குப் புரிய வேண்டும்.

அப்பா ஷேவிங் நுரை டப்பாவைக் குலுக்கினால் இன்றைக்கும் பாத்திரம் கிடக்கிறது என்று சாக்குச் சொல்லிப் பின்பக்கம் போய்விடுவேன். ஏன் என்று அவருக்கே இன்று சாயங்காலம்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, என்கிட்ட சொன்னதோட நிறுத்திக்காத, அவளுக்கு எழுது என்றார்.

நிறைய நாள், நிறைய மூச்சோடு இரு, கண்ணே. இதைப் படித்ததும் எனக்கு ஆறுதல் சொல்லக் கூப்பிடாதே. முதலில் மருந்துக்கடைக்குப் போ. என்மேல் கோபப்படுவதென்றாலும் புதிதைக் கையில் வாங்கிக்கொண்டு கோபப்படு.

கடை திறக்கும் நேரத்துக்காக உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா