போஞ்சி பொறுக்கும்போது கேட்ட பொருளியல்

மொன்றியல்
19.10.2008

அன்பு மகள் மேனுகாவுக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நல்ல சுகம், கல்கரிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். அப்பா வைத்தியரிடம் போகமாட்டாராம். தினமும் லவாலுக்கு மெத்ரோவில் போய் வேலை செய்கிறவருக்கு முழங்கால் வேண்டாமா என்று கேட்டால், ரயில்தானே ஓடுது, நானா ஓடுறன் என்கிறார். நிலக்ஷி கல்லூரிக்கு ஒழுங்காகப் போகிறாள், ஆனால் வீட்டில் பாதி நேரம் பிரெஞ்சுதான், தங்கச்சியை நீ கொஞ்சம் கண்டித்துக் கதை.

நான் இன்னும் ஜான்-டலோன் சந்தையில் அதே மரக்கறிக் கடையில்தான். போஞ்சிக்காய் பொறுக்குவது அலுப்பு என்று சொல்லப்போய் நிலக்ஷி தன் பழைய ஐபொட்டைத் தந்தாள். பாட்டு இருக்கும் என்று காதில் செருகினால் இரண்டு ஆங்கிலக்காரர் வாழைப்பழத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள். அவளுடைய பொருளியல் ஆசிரியை கேட்கச் சொன்ன பொட்காஸ்ட்டாம். எங்கோ வெயில் நாட்டில் காய்க்கும் பழம் எப்படிப் பக்கத்துத் தோட்டத்து ஆப்பிளைவிட மலிவாக வருகிறது என்று கப்பலில் இருந்து கடை வரைக்கும் அதன் பின்னாலேயே போனார்கள். நான் வேலையை மறந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் நிற்கும் சிவமலர், என்ன றோசலின் அக்கா, செபம் கேக்கிறியளோ என்று கேட்டாள்.

இப்போது ஞாயிறு தோறும் நிலக்ஷி புதிது நிரப்பித் தருகிறாள். நீயும் கேள் மகள். முதலில் அந்த வாழைப்பழக்காரர்கள், சிரிக்க வைப்பார்கள், வேகமாகக் கதைப்பதால் நான் இரண்டு தரம் கேட்பேன். அடுத்தது ஒரு பேராசிரியை, பாதி விலை என்றதும் தேவையில்லாததை ஏன் வாங்குகிறோம் என்பதுபோல வாரம் ஒரு கேள்வி எடுப்பா, சொதிக்கு எப்போது பால் விடுவது என்று சொல்லித்தருவதுபோல அவ்வளவு தெளிவு. மூன்றாவது, அமெரிக்காவில் வீடுகளின் விலை விழுந்த கதை. அதை மட்டும் பேருந்தில் கேட்காதே, நான் இறங்கும் இடத்தை விட்டுவிட்டு வில்லரே வீதி முழுக்க நடந்து வந்தேன். பெயர்களை நிலக்ஷி உனக்கு ஈமெயிலில் அனுப்புவாள்.

போன மாதம் அந்தப் பேராசிரியை ஒன்று சொன்னா. ஒன்றைத் தெரிவுசெய்யும்போது அதற்காக எதைக் கைவிடுகிறோமோ அதுதான் அதன் உண்மையான விலையாம். மேசையில் மிளகாய் பரப்பினால் அந்த இடத்தில் தக்காளி வைக்க முடியாதே, எனக்கு உடனே விளங்கியது. அதோடு உன் முகம்தான் முன்னுக்கு வந்தது. பத்தொன்பது வயதில் ரொறன்ரோ போய்ப் பொருளியல் படிப்பேன் என்று நின்றாய். எனக்குத் தெரிந்தது மட்டக்களப்புப் பள்ளிக்கூடத்துப் புத்தி மட்டும்தான், கணிதமும் உயிரியலும் ஓடாத பிள்ளைகள்தான் அங்கே அதை எடுப்பார்கள். இவ்வளவு கெட்டிக்காரி அதைப் படித்தால் கோயிலில் சனம் என்ன சொல்லும் என்று பயந்தேன். விண்ணப்பித்த பல்கலைக்கழகத்தில் இருந்து பதில் வரவில்லை என்று நீ அழுதாய், போன் எடுத்துக் கேட்கப் போனாய், வேண்டாமெண்டவங்களிட்டத் திரும்பக் கேட்டு ஏன் மானத்தை விக்கிறாய் என்று நான்தான் தடுத்தேன். பிறகு நான் சொன்ன மருந்தாளர் படிப்பையே படித்தாய். போன கிழமை இந்த நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொன்னபோது, எனக்கு அந்த மூளை இல்லையெண்டு அவங்களே சொல்லிட்டாங்கள்தானே அம்மா என்று சிரித்தாய். ஏழு வருடமாக அப்படித்தான் நினைத்திருக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

மகள், அந்தக் கடிதம் வந்தது. 2001 ஏப்ரலில், நீ வகுப்பில் இருந்த நேரம், தபால் பெட்டியில் இருந்து எடுத்தது நான். உனக்கு இடம் தந்திருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் பதில் கேட்டிருந்தார்கள். திகதி கழியும் வரை என் சேலைகளுக்குள் வைத்திருந்து பிறகு கிழித்துப் போட்டேன். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது, அவரைக் கோபிக்காதே. நான் செய்தது பெரிய பாவம், போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து பதினொரு மணிக்கு வீட்டில் தனியாகத்தான் இருப்பேன், எடுத்துத் திட்டுவதென்றால் திட்டு. வெளியே போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. மாதா உன் கூடவே இருக்கட்டும். அவர்கள் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை மகள். நான்தான் சொன்னேன்.

உன் அம்மா
றோசலின்