எல்லாக் கட்டத்திலும் டிக்

ஜூலை 7, திங்கள்
ஏத்திட்டேன்! என் நாவல் இ-புக் கடையில் வந்துவிட்டது. கதாநாயகி யாரென்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சிப்காட்டில் பதினோரு வருஷமாக அசெம்பிளி லைனில் என் பக்கத்தில் நிற்கும் மாதம்மாக்காதான். 31ஆம் தேதி ரிடையர் ஆகிச் சொந்த ஊர் கல்லாவிக்கே போகிறார். அதற்குள் அவர் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

ஜூலை 9
கம்பெனி பஸ்ஸில் அக்காவின் இ-புக் ரீடரில் போட்டுப் பார்த்தோம். மகள் பெங்களூரில் வாங்கித் தந்தது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். போனின் பொடி எழுத்து அக்காவின் கண்ணுக்குத் தெரியாது. புத்தகம் திறக்கவில்லை. கடையின் பார்மட் வேறு, இந்த ரீடரின் பார்மட் வேறு. மாற்றலாமென்றால் புத்தகத்துக்கு லாக் போட்டிருக்கிறதாம். எவன் போட்டான்?

ஜூலை 10
நான்தான்.
லைனில் தினமும் டிக் போட்டு நிரப்பும் செக்‌ஷீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சூப்பர்வைசர் திருப்பி அனுப்புவார். பழகிப்போன கை. கடைக்காரன் படிவத்திலும் 'காப்பி எடுக்க முடியாதபடி பூட்டவும்' உட்பட எல்லாத்துக்கும் டிக்! என் புக்க யாரு திருடப் போறா? லூசா நான்?

ஜூலை 14
கடையிலிருந்து பதில். போட்ட லாக்கை எடுக்க முடியாதாம். நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றலாம், ஆனால் வந்த விமர்சனங்கள் போய்விடும். மொத்தமே மூன்று. அதில் ஐந்து நட்சத்திரம் போட்டது என் தம்பி வெஸ்லின். போனால் போகட்டும், அக்கா மாதிரி இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஜூலை 19, சனி
மறுபடி ஏற்றினேன். அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன். கை துறுதுறுவென்றது. அக்காவுக்காக, என்னிடமிருந்த மூலப்பிரதியை அவர் ரீடருக்குப் புரியும் ஈபப் பார்மட்டிலும் மாற்றினேன்.

ஜூலை 21
திறந்துவிட்டது! எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினார் என்றால், கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார்.

ஜூலை 24
நாலு நாளாக பஸ்ஸில் என்னோடு பேச்சே இல்லை. படிக்கிறார். கண்டுபுடிச்சிருப்பாங்களோ? கோவமா?

ஜூலை 29
முடித்துவிட்டார். "இது நாந்தானே?" என்றார். தலையாட்டினேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.
"சூப்பர்வைசர் திட்டுனதும் பாத்ரூம்ல போயி அழுவறான்னு எழுதி வெச்சிருக்கியே கண்ணு, நான் எங்க அழுதேன்? நேரா கேன்டீனுக்குப் போயி ரெண்டு பிளேட்டு பொங்கல் தின்னேன்."
ஆமாம். பாத்ரூமில் அழுதது நான். வீட்டுக்கு வந்ததும் அழுகையை எடுத்துவிட்டுப் பொங்கலை வைத்தேன். இப்போதுதான் அத்தியாயம் நன்றாக இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்
திருத்திய புத்தகத்தோடு அக்கா கல்லாவி பஸ் ஏறிவிட்டார். கேக் வெட்டும்போது அழுதார், நான் பார்த்தேன். அதை எந்தப் புத்தகத்திலும் எழுத மாட்டேன்.