மூன்று நாள் வேலைக்கு இருபத்திரண்டு கிலோ

என் அருமை மூட்டைராணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், அவள் வாய்க்குப் பயந்து நானும் நலம். உன் நலம் எனக்கு அம்மா மூலமாகத்தான் தெரிகிறது, ஏனென்றால் பன்னிரண்டு நாளாக நீ அவளுக்கு மட்டும்தான் போன் செய்கிறாய், அப்பா பக்கத்துல இருக்காரா என்று கேட்கிறாய், இருக்கார் என்றால் அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். நான் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்து போகிறது. அதனால்தான் இந்தக் கடுதாசி. எழுதி முடித்ததும் அம்மா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அவள் போனிலிருந்து அனுப்புவாள், அவள் அனுப்பியதை நீ திறக்காமல் இருக்க மாட்டாய் என்கிற தைரியம்தான்.

மூன்று நாள் வேலைப் பயணம், போகிற வழியில் ஒரு ராத்திரி உங்களோடு தங்குகிறேன் என்று வந்தாய், சந்தோஷம். ஆனால் உன் பின்னால் டாக்ஸிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெட்டியைப் படியேற்றினாரே, அதைப் பார்த்ததும் மாப்பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டாயோ என்று நினைத்துவிட்டேன். நீ தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் என் கொக்கித் தராசைப் பரணிலிருந்து இறக்கி மாட்டிப் பார்த்தேன், இருபத்திரண்டு கிலோ அறுநூறு கிராம். நான் சிரித்தது உனக்குப் பிடிக்கவில்லை, தெரியும். முப்பத்தொரு வருஷம் ஊர் ஊராகப் போய் ஆலையிலும் கிடங்கிலும் தராசு சரிபார்த்தவனுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும். இருபது கிலோ எடைக்கற்களை இரும்புப் பெட்டியில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவன் சொந்தச் சாமான் என்று இரண்டு கிலோவுக்கு மேல் வைத்துக்கொண்டால் இடுப்பு போய்விடும். இரண்டு சட்டை, ஒரு பேன்ட், ஒரு துண்டு, சவரப் பெட்டி, அவ்வளவுதான். ஆபீசில் என்னைத் தராசு என்றே கூப்பிட்டார்கள், அந்தத் திமிர் இன்னும் இறங்கவில்லை.

மறுநாள் காலை நீ குளிக்கப் போன நேரத்தில் பெற்ற கடமையாகப் பெட்டியைத் திறந்தேன். மூன்று ஜோடி செருப்பு, காலில் போட்டு வந்தது தனி. உனக்கு எத்தனை கால் என்று எனக்குத் தெரியாதா, ஆஸ்பத்திரியில் முதலில் எண்ணிப் பார்த்தவனே நான்தானே. முடி காயவைக்கும் மெஷின் ஒன்று, தங்கப் போகிற ஹோட்டலில் காற்றே இருக்காது போல. செருப்பில் இரண்டு ஜோடியையும் மெஷினையும் எடுத்து வெளியே வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். அடியில் ஒரு துணிப்பைக்குள் கனமாகப் பித்தளையில் ஒன்று இருந்தது, காகிதம் பறக்காமல் வைப்பதற்கு இவ்வளவு கனமா என்று அதையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான் பயணம் போகும்போது வைத்துக்கொள்ளும் பட்டியலையும் மேலே ஓர் உபதேசத்தையும் ஒரு சீட்டில் எழுதிச் சொருகினேன். பூட்டி, மறுபடியும் எடைபோட்டு, ஒன்பது கிலோ எண்ணூறு என்று பெருமையாக உன் கையில் கொடுத்தேன். நீ டாக்ஸி அவசரத்தில் திறந்து பார்க்கவில்லை. அங்கே போய் வாடிக்கையாளர் ஆறு பேர் முன்னால், இதோ எங்கள் பம்புக்கான புது வால்வு என்று துணிப்பையைத் தேடி, தேவையில்லாததைச் சுமக்காதே என்று என் கையெழுத்தில் இருந்த சீட்டை எடுத்தாயாம். அம்மா சொன்னபோது அந்த வால்வு எங்கள் சமையலறைக் கதவு சாத்தாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதற்காக நீ கோபப்படுவது நியாயம். ஆனால் பதின்மூன்று கிலோ குறைத்துக் காட்டினேன் பார் என்று நான் வாரக்கணக்கில் ஜம்பம் அடித்திருப்பேன், அம்மாதான் அதற்கும் வைத்தாள் ஒரு கொட்டு. நீங்க எடுத்ததை எடை போட்டீங்களா என்றாள். போட்டேன், செருப்பு, மெஷின், வால்வு எல்லாம் சேர்ந்தே மூன்று கிலோ அறுநூறுதான். அப்போ மீதி ஒன்பது கிலோ எங்க போச்சு, காத்தோடயா என்றாள். பிறகு அவளே காட்டினாள். அவள் முழங்காலில் கட்டியிருக்கிற பட்டை, நான் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கம்பளி, ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின், நான் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று நீ மேஜையில் பொருத்திவிட்டுப் போன விளக்கு. எல்லாம் அந்தப் பெட்டியில் வந்தவை. ஊரார் தராசையெல்லாம் சரிபார்த்தவன் இந்த ஒரு கழித்தலைச் சரிபார்க்கவில்லை.

அதோடு விட்டாளா. முப்பத்தொரு வருஷம் இரண்டு கிலோவோடு போய் அதே இரண்டு கிலோவோடுதான் வந்தீங்க என்றாள். உனக்கு ஆறு வயதில் சாவி கொடுத்தால் ஓடுகிற ரயில் கேட்டாயாம், பெட்டி ஏற்கனவே கனம் என்று நான் சொன்னேனாம். அதற்குப் பிறகும் நான் வரும்போதெல்லாம் என் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாயாம். எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதுதான் வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு கண்ணு.

சரி, வேலைக்கு வருகிறேன். அந்த ஆறு பேரும் வருகிற வெள்ளிக்கிழமை உன் ஆபீசுக்கே வந்து வால்வைப் பார்க்கச் சம்மதித்திருப்பதாக அம்மா சொன்னாள். கூரியர்காரர் எட்டு நாள் ஆகும் என்கிறார், வெள்ளிக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. ஆகவே புதன்கிழமை விமானத்தில் நானே கொண்டுவருகிறேன், ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு. காலையில் மீட்டிங் என்றால் முந்தின நாளே போய்ச் சேர வேண்டும், இந்த ஒரு உபதேசத்தையாவது மறுக்காதே. வால்வை ஒரு சட்டையில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்திருக்கிறேன், பூட்டும் முன் அம்மா இரண்டு தரம் திறந்து பார்ப்பாள், என்னை நம்பவில்லை. கூடவே உன் செருப்பு, மெஷின், மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர், உனக்கு ஒரு கம்பளி, அம்மா கட்டித் தந்த டப்பாக்கள். அப்புறம் ஒரு ரயில். பேத்திக்கா என்று கடைக்காரர் கேட்டார், ஆமாம் என்று பொய் சொன்னேன். முப்பத்துநாலு வயசுக்காரிக்கு என்று எப்படிச் சொல்வது.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், வெள்ளிக்கிழமை உன் பேச்சு எடுபட்டு நல்லபடியாக முடியட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவருக்கும் வேண்டியது. ஒன்றை மட்டும் மறக்காதே. விமானத்தில் இருபத்துமூன்று கிலோதான் விடுவார்களாம். எடை போட்டேன், இருபத்தாறு நானூறு. என் இன்னொரு சட்டையையும் சவரப் பெட்டியையும் எடுத்துவிட்டேன், அப்படியும் இறங்கவில்லை, வேறு எதையும் எடுக்க மனசு வரவில்லை, கூடுதல் எடைக்குக் காசு கட்டிவிடுகிறேன். புதன்கிழமை விமான நிலைய வாசலுக்கு நீயே வா, என்னால் தனியாகத் தூக்க முடியாது.

உன் மேல் உயிராக இருக்கும்,
அப்பா