மொட்டை மாடியில் செங்கல்

அன்புள்ளவனுக்கு,

தினமும் பார்க்கிறவனுக்குக் கடிதம் எழுதுவதற்கு மன்னித்துவிடு. நேரில் பேசினால் சிரிக்க வைத்து மறக்கடித்துவிடுவாய்.

நேற்று ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழிக்கு விதி எழுதும் குழுவின் கூட்டத்தில், எங்கள் ரெசிஃபி நகர அலுவலகத்திலிருந்தே திரைவழியாக, நிறுவனத்தின் சார்பில் கலந்துகொண்டேன். புதிய விதியொன்றைப் படித்துவிட்டு, "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்றார் தலைவர். அங்கே மௌனம் சம்மதம். ஒரே ஒருவர் மறுத்தாலும் விதி நின்றுவிடும். ஆனால் ஒருமுறை நுழைந்துவிட்டால், தப்பென்று தெரிந்தாலும் எடுக்க மாட்டார்கள். அதற்குள் உலகமே அதை நம்பி நிரல் எழுதியிருக்கும். அந்த விதியில் எனக்கு ஓர் ஓட்டை தெரிந்தது.

பக்கத்து மேசை ஜண்டீரா கிள்ளினாள். "சொல்லேன்டி. வாயில என்ன, மரவள்ளி அடையா?"

"எனக்கு ஆட்சேபணை" என்றேன். மைக் அணைந்திருந்தது. மறுபடியும் சொன்னேன். விதி நின்றது. தலைவர் நன்றி வேறு சொன்னார்.

நம் கல்யாணத்துக்குள் தன் வீட்டு மொட்டை மாடியில் நமக்கு வீடு கட்டிவிடுவதாகச் சொல்லி, "சம்மதந்தானே?" என்று உன் அம்மா கேட்ட அன்று, நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது செங்கல் வந்து இறங்கிவிட்டது. "படிச்ச பொண்ணு, பிடிக்கலன்னா சொல்லியிருக்காதா?" என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அவரை இன்னொரு தடவை கேட்கச் சொல். இந்தத் தடவையாவது, கேட்டதும் நீ முந்திக்கொண்டு தலையாட்டாதே.

உன் வருங்கால மனைவி