ஆறாவது வாரத்துத் தண்ணீர்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில். கொள்ளிடம் போகும் வழியில் இருக்கும் குளத்துத் தண்ணீர், பள்ளி ப்ராஜெக்டுக்கு ஏழாவது வாரம், எண்ணி முடித்தாயிற்று. மைக்ராஸ்கோப் பார்த்துப் பார்த்து இடது கண் வலி. மொத்தம் 200 எண்ணியதில்:

ட. (டயாட்டம், கண்ணாடிப் படகு மாதிரி) – 20
ப. (பச்சைப்பாசி) – 30
நீ. (நீலப்பச்சைப்பாசி, மணி கோத்த மாதிரி) – 150

மழை விட்ட டிசம்பரில் படகுகள்தான் நிறைய. இப்போது ஓர் ஊரே காலி செய்து, வேறு ஊர் குடிவந்திருக்கிறது.

ஆனால் ஆறாவது வாரக் கணக்கு இல்லை. அன்று லேப் பூட்டியிருந்தது. பாட்டிலை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். கெடாமலிருக்க அயோடின் விட்டதால் பழுப்பு நிறம்.

அம்மா: "பழைய கஷாயம்னு கொட்டிட்டேன்டி. பேர் எழுதி ஒட்டறதுக்கென்ன?"

ஒட்டியிருக்கலாம்.

பிப். 10, செவ்வாய்

சாக்ஸ் காயவில்லை. கணக்குத் தேர்வு வெள்ளிக்கிழமை.

ஐந்தாவது வாரம் ட. 100. ஏழாவது வாரம் 20. கூட்டி இரண்டால் வகுத்தால், ஆறாவது வாரத்துக்கு 60. மற்றவையும் அப்படியே. முதலில் பென்சிலில்தான் எழுதினேன். பிறகு பேனா.

பிப். 12, வியாழன்

மெர்சி மிஸ், எங்கள் உயிரியல் டீச்சர், வரைபடத்தை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். "இந்த ஆறாவது வாரத்தப் பாருங்க. ஒண்ணு இறங்க, ஒண்ணு ஏற, எவ்ளோ நிதானமா மாறுது! திங்கக்கிழமை கண்காட்சியில இதான் முன்னாடி வைக்கணும்." கைதட்டல். தயிர்சாத டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பஸ்ஸில் நஸ்ரின். ப்ராஜெக்டில் தண்ணீர் எடுப்பது அவள், எண்ணுவது நான். போனை நீட்டினாள். ஆறாவது வாரம் எடுத்த குளத்துப் படம்.

"அன்னைக்கே பச்ச பெயின்ட் கொட்டின மாதிரி இருக்கு. நீ பாதிப் பாதின்னு எழுதியிருக்க?"

"வெளிச்சத்துல அப்படித் தெரியுது."

"ஏன்டி, என் போனுக்குப் பாசி புடிச்சிருச்சா?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள்.

நிதானமாக மாறவில்லை. ஒரே வாரத்தில் மாறிவிட்டது. கண்டுபிடித்திருக்க வேண்டியதே அதுதான். அதைத்தான் இரண்டால் வகுத்து மறைத்திருக்கிறேன்.

பிப். 13, வெள்ளி

கணக்கு சுமார். இரண்டு முறை ஸ்டாஃப் ரூம் வாசல்வரை போனேன். இரண்டாம் முறை மிஸ்ஸே, "என்னம்மா?" "ஒண்ணுமில்ல மிஸ், சாக்பீஸ்." ஒரு பெட்டி கொடுத்தார். பையில் இருக்கிறது.

பிப். 14, சனி

ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். நஸ்ரின் கூட நின்றாள்.

மிஸ் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"சரி. மத்த ஆறு வாரமும் நெஜம்னு நான் எப்படி நம்பறது?"

ஆறும் நிஜம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியதும் இதே வாய்தானே.

மிஸ் அலமாரியைத் திறந்து மீதி ஆறு பாட்டில்களையும் எடுத்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்து எண்ணினார்.

முதல் வாரம், ட.: நான் எழுதியது 131. மிஸ் எண்ணியது 127.

எண்ணும்போது நாலைந்து கூடக்குறைய வருவது சகஜம்தான். மிஸ் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், அடுத்த பாட்டிலுக்குக் கை நீட்டினார்.