மூன்றாம் மாடியில் கதவில்லாத வீடு

அனுப்புநர்:
திருமதி தவநாயகி த/பெ அங்கப்பன்,
சி கட்டடம், மூன்றாம் மாடி, வீட்டு எண் 11,
மெலூர் அடுக்குமாடி வீடுகள்,
கிள்ளான்.

பெறுநர்:
அதிகாரி அவர்கள்,
பயனீட்டாளர் புகார்ப் பிரிவு,
கிள்ளான்.

பொருள்: பூட்டில் உடைந்த சாவித்துண்டை எடுக்க வந்தவர்கள் அநியாயக் கட்டணம் கேட்டதும், அதைக் கொடுக்காததால் என் வீட்டுக் கிரில் கதவைக் கழற்றிக் கொண்டு போனதும் – கதவை மீட்டுத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. தங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று தங்கள் அலுவலக முகப்பில் இருந்த பெண் கூறியதால் இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். ஜொகூரில் வேலை செய்யும் என் மகன் மலாயில் எழுதி அனுப்பிய பிரதியும் இணைக்கப்பட்டுள்ளது. அது அரைப் பக்கம்தான். நடந்தது அதில் இருக்கிறது, என் வயிற்றெரிச்சல் அதில் இல்லை. ஆகவே இதையே மூல மனுவாக ஏற்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

2. நான் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை செய்கிறேன். என் கணவர் திரு. சன்னாசி லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்தபின் அவருக்கு வலது கையும் காலும் சரியாக இயங்குவதில்லை. பேச்சு ஓரிரு சொற்களாகத்தான் வருகிறது. எங்கள் வீட்டு மரக்கதவைக் கரையான் அரித்துவிட்டதால் போன வருடமே எடுத்துவிட்டோம். மருத்துவச் செலவுக்கு நடுவில் புதுக்கதவு போட முடியவில்லை. கிரில் கதவின் கீழ்ப்பாதிக்கு உள்பக்கமாகப் பலகை அடித்து, மேல்பாதிக்குத் திரைத்துணி போட்டு, அதையே கதவாக வைத்திருந்தோம். தாங்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கிரில் போனால் எங்களுக்கு வேறு கதவு கிடையாது.

3. கடந்த 12ஆம் தேதி, சனிக்கிழமை காலை, அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, தேங்காய்ப்பால் வாங்கக் கீழ்த்தளக் கடைக்கு இறங்கினேன். கணவர் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். வழக்கம்போல் கிரிலைப் பூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்து திறக்கும்போது சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது. தலைப்பகுதி மட்டும் என் கையில் இருந்தது. தீ குறைவாக வைத்ததாகத்தான் நினைவு. ஆனால் அடிப்பிடித்த வாடை வாசல் வரை வந்துவிட்டது.

4. அந்த நேரத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா, காக் ரொஹாயு, சந்தைக்குப் போயிருந்தார். கீழே இரும்புச் சாமான் கடை இன்னும் திறக்கவில்லை. கம்பிக்குள் கைவிட்டுத் திரைத்துணியை விலக்கினேன், உள்ளே என் கணவர் அடுப்பை அணைக்க எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார். எழுந்தால் விழுவார் என்று எனக்குத் தெரியும். "எந்திரிக்காதீங்க! உக்காருங்க! நான் வந்துட்டேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடி முழுக்கக் கேட்டிருக்கும். மின்தூக்கிப் பக்கத்துச் சுவரில் 'இருபத்து நான்கு மணி நேரப் பூட்டு சேவை' என்று ஒரு ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. அந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் தமிழர். "ஆளு பக்கத்துலதான் இருக்கு, பயப்படாதீங்கக்கா" என்றார். போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

5. சொன்னபடி வெள்ளை வேன் ஒன்றில் இருவர் விரைவாகவே வந்தார்கள் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். பேசியவர் தன் பெயர் கஜேந்திரன் என்றார். மற்றவர் தன் பெயரைச் சொல்லவில்லை. கட்டணம் எவ்வளவு என்று நான் கேட்டேன். தாங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "ஐயோ அக்கா, உள்ள ஐயா தனியா இருக்காரு, இப்பப் போயி காசு பேசுவாங்களா? நீங்க பாத்துக் குடுங்க." மூக்குக் குறடு போன்ற ஒன்றைப் பூட்டுக்குள் விட்டுச் சாவித்துண்டை இழுத்தார், வந்துவிட்டது. மெல்லிய கம்பி ஒன்றால் பூட்டையும் திறந்துவிட்டார். பூட்டை உடைக்கக்கூட இல்லை. நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பருப்பும் சட்டியும் போயின. வீடு போகவில்லை.

6. அடுத்து நான் செய்த தவறு. இருவரும் காலணியைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். கஜேந்திரன் சாமி மேடைக்கு முன் நின்று கும்பிட்டார், திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். என் கணவரின் காலைத் தொட்டு, "ஐயா, ஒண்ணும் பயமில்ல, நாங்க வந்துட்டோம்ல" என்றார். ஐயா, இப்படி நடந்துகொண்ட ஒரு பிள்ளையிடம், பசியாறிவிட்டீர்களா என்றுதான் எங்கள் வீடுகளில் கேட்போமே தவிர, உன் கூலி என்ன, எழுதிக் காட்டு என்று கேட்க மாட்டோம். கேட்டால் வாய் கூசும். நான் தேநீர் போட அடுப்படிக்குப் போனேன். அங்கிருந்து அவர் குரல் கேட்டது: "அக்கா, கிரில் கீல் எறங்கியிருக்கு. ஒருநா ஐயா மேலயே விழுந்துரும். சரி பண்ணிரவா?" நான் சொன்ன பதில்: "சரி தம்பி, பாத்துச் செய்யுங்க." இந்த வார்த்தைகளை நான் மறைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. இரண்டு தேநீரும் நான்கு வடையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது கதவு சட்டத்தைவிட்டு இறங்கி, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

7. அவர்கள் வடையைச் சாப்பிட்டார்கள். தேநீரைக் குடித்தார்கள். நல்லா இருக்குக்கா என்றும் சொன்னார்கள். பிறகு கஜேந்திரன் கைப்பேசியில் தட்டிப் பார்த்து, இரண்டாயிரத்து நானூறு வெள்ளி என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

8. அதன்பின் நடந்த பேச்சைக் கூடியவரை அப்படியே தருகிறேன், ஏனெனில் விசாரணையில் அவர் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

"தம்பி, ஒரு சாவித்துண்ட எடுக்கவா இவ்வளவு?" என்றேன்.

"எமர்ஜென்சி காசு தனி, வேன் காசு தனி, கிரில் வேல தனி. நீங்கதானே பாத்துச் செய்யுங்கன்னீங்க?"

"நீதானேப்பா பாத்துக் குடுங்கன்ன? நான் பாத்துட்டேன். நூத்தம்பது தரேன், அதுவே ஜாஸ்தி."

"அக்கா, நூத்தம்பதுக்கு நான் படியேறக்கூட மாட்டேன்."

"லிப்ட்லதானேடா வந்த!" என்று நான் சொல்லிவிட்டேன். மரியாதை தவறியதற்குத் தங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவரிடம் அல்ல.

9. நூற்றைம்பது வெள்ளியை மேசைமேல் வைத்தேன். அவர் அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், "இது முன்பணம்" என்றார். பிறகு இருவரும் வாசலுக்குப் போய்க் காலணியை மாட்டிக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டு, ஐயா, திரும்பக் கூடத்துக்குள் வந்தார்கள். சாமி மேடைக்கு முன்னால் காலணியோடு நின்று, சுவரில் சாய்த்திருந்த என் கதவை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்கள். நான் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கஜேந்திரன் குரலை உயர்த்தவே இல்லை. "விடுங்கக்கா, கையில காயம் ஆயிரும். மீதிய கட்டுங்க, மாட்டிக் குடுக்குறோம். அதுவரைக்கும் வீடு தொறந்து கெடக்கும், பாத்துக்குங்க" என்று பணிவாகவே சொன்னார்.

10. என் கணவர் அப்போது எழுந்து நின்றுவிட்டார். எப்படி நின்றார் என்று எனக்குத் தெரியவில்லை. இடது கையில் தடியை ஓங்கி, "வை! வை!" என்றார். அந்த ஒரு சொல்தான் வந்தது. அவர்கள் வைக்கவில்லை. மின்தூக்கியில் கதவு நுழையாததால் படிவழியாக இறக்கினார்கள். சந்தையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த காக் ரொஹாயு இரண்டாம் மாடியில் அவர்களை மறித்திருக்கிறார். "அது எங்க ஆண்ட்டி வீட்டுக் கதவாச்சே, எங்கடா தூக்கிட்டுப் போறீங்க?" என்று அவர் மலாயில் கேட்டதற்கு, பழுது பார்க்க என்று கூறிவிட்டு இறங்கினார்களாம். அவர் சந்தேகப்பட்டு, பின்னாலேயே இறங்கிப் போய் வேனின் எண்ணைப் படம் எடுத்து வைத்தார். அந்தப் படம் இணைப்பில் உள்ளது. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, சுவரிலிருந்து சுரண்டி எடுத்த ஒட்டுத்தாளையே இணைத்திருக்கிறேன்.

11. காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொண்டார்கள். கட்டணத் தகராறு என்பதால் தங்கள் பிரிவையும் அணுகச் சொன்னார்கள். கீழே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் திரு. கோ, இதே வேலையைத் தான் நாற்பது வெள்ளிக்குச் செய்திருப்பேன் என்றும், நான் அரைமணி பொறுத்திருக்கலாம் என்றும் சொன்னார். அவர் வீட்டு அடுப்பில் பருப்பு இல்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்து பார்த்து, திறந்த வாசல் கட்டட ஒழுங்குக்கு ஏற்றதல்ல என்று தெரிவித்தார். அதை நானும் அறிவேன்.

12. கஜேந்திரன் அதன்பின் ஒருமுறை அழைத்தார். கதவைத் தம் கிடங்கில் வைத்திருப்பதற்கு நாள்வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது என்றார். "அக்கா, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், சீக்கிரம் கட்டுனா ஒங்களுக்கு மிச்சம்." என் கதவு அவர் கிடங்கில் தங்கியிருப்பதற்கு நான் வாடகை தர வேண்டுமாம். இதை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

13. இப்போது வாசலில் காக் ரொஹாயு கொடுத்த கைலி ஒன்றைத் திரையாகக் கட்டியிருக்கிறேன். இரவில் துணி அலமாரியைக் குறுக்கே தள்ளி வைக்கிறேன். என் கணவர் தூங்குவதில்லை. நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொல்லி, மடியில் தடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறார். படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தடி நிமிர்கிறது. இந்த வாசலில் அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் வேலைக்குப் போக முடியவில்லை. சிற்றுண்டிச்சாலையில் என் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

14. புதுக் கதவு வாங்கிப் போடலாமே என்று தங்களுக்குத் தோன்றலாம். என் மகனும் அதையே சொல்கிறான், பணம் அனுப்புவதாகவும் சொல்கிறான். அந்தக் கதவுதான் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான். அதன் உள்பக்கத்தில், இடுப்பு உயரத்துக்கு, ஒரு குறுக்குக் கம்பி பற்றவைத்திருக்கிறது. என் கணவர் எழுந்து நின்று பழகுவதற்காக, அவர் உயரத்தையும் இடது கையின் எட்டத்தையும் அளந்து, மருத்துவமனைப் பயிற்சியாளர் சொன்னபடி போட்டது. தினமும் பசியாறியபின் அதைப் பிடித்துத்தான் எழுவார். எழுந்து நின்று, வேலைக்குப் போகிறவர்களைக் கிரில் வழியாகப் பார்த்துத் தலையசைப்பார். ஆரம்பத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட நிற்க முடியாதவர், போன மாதம் கம்பியை விட்டுவிட்டு இரண்டு அடி வைத்தார். அன்று நான் மாடி முழுக்கப் பாயசம் கொடுத்தேன்.

15. நேற்றுக் காலை நான் அடுப்படியில் இருந்தேன். பசியாறிவிட்டு, பழக்கத்தில், அவர் இடது கையை நீட்டியிருக்கிறார். கம்பி அங்கே இல்லை. கைலியைப் பிடித்திருக்கிறார். கைலியோடு நடைபாதையில் போய் விழுந்தார். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. எலும்பு முறியவில்லை என்றார் மருத்துவர். ஆனால் இன்று காலை நான் பிடித்துத் தூக்கியும் அவர் எழுந்து நிற்க மறுத்துவிட்டார். வற்புறுத்தியபோது தலையைத் திருப்பிக்கொண்டு, "போதும்" என்றார். நோய் வந்த இத்தனை காலத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை, ஐயா. அதனால்தான் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்த இம்மனுவை இன்று எழுதுகிறேன்.

16. ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது: மேற்படி நபர்களை அழைத்து விசாரித்து, என் கிரில் கதவை உடனே கொண்டுவந்து, இருந்த இடத்தில், இருந்த உயரத்தில் மாட்ட ஆணையிட வேண்டும். உயரம் முக்கியம், கம்பி அவர் கைக்கு எட்ட வேண்டும். அநியாயக் கட்டணத்தைப் பற்றிய விசாரணையைத் தங்கள் வசதிப்படி நடத்துங்கள், எத்தனை முறை கூப்பிட்டாலும் வந்து சாட்சி சொல்கிறேன். சட்டப்படி நான் இன்னும் ஏதாவது தர வேண்டும் என்று தாங்கள் தீர்மானித்தால் அதையும் தருகிறேன். கதவுக்காக மட்டும் அதுவரை காத்திருக்க முடியாது. அவர் "போதும்" என்பதற்குப் பழகிவிடும் முன் அது வர வேண்டும்.

17. நேரில் பார்வையிட வரும் அதிகாரி மாடியேறும்போதே தன் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வரும்படிக் கேட்டுக்கொள்கிறேன். தட்டுவதற்குக் கதவு இல்லை, வாசலில் என் கணவர் தடியோடு இருப்பார்.

தங்கள் நடவடிக்கையை நம்பிக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
தவநாயகி த/பெ அங்கப்பன்

இடம்: கிள்ளான்
நாள்: 21.8.2023

இணைப்பு: மலாய்ப் பிரதி, காவல் நிலையப் புகார் நகல், வேன் எண்ணின் படம், ஒட்டுத்தாள், மருத்துவமனைச் சீட்டு.

சாட்சி: கீழே கோணலாக உள்ள கையெழுத்து என் கணவருடையது. மனுவை முழுதும் வாசித்துக் காட்டினேன். பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டார். மேசை எட்டாததால் என் தோளைப் பிடித்து, எழுந்து நின்று போட்டார்.

(ஒப்பம்)
சன்னாசி