விசா வேண்டாத ஏழு மணி நேரம்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதுவது. நான் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன், முழங்கால் வலியும் விடாமல் கூடவே வந்து சேர்ந்தது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் சுகம் என்ற சேதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

விமானம் மாறுகிற ஊரில் ஏழு மணி நேரம் காத்திருக்க விசா வேண்டாம் என்றாய் அல்லவா, அப்படியென்றால் கதவு திறந்திருக்கும் என்று நீயும் நானும் நினைத்துவிட்டோம், அந்த ஊரிலேயே வேலை பார்க்கிற உன் அண்ணனும் லீவு போட்டு விமான நிலைய வாசலில் வந்து நின்றான். உள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறுகிறவருக்குத்தான் விசா வேண்டாமாம், வாசலைத் தாண்ட முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டுமாம். நம் பாஷை தெரிந்த துப்புரவுக்காரர்தான் விளக்கினார், "பெரியவரே, நீங்க இந்த நாட்டுலதான் இருக்கீங்க, ஆனா இன்னும் வரல" என்றார். கால் அந்த மண்ணில், ஆனாலும் நான் வரவில்லை! ஆயுசெல்லாம் சுவர் எழுப்பினவன் நான், கண்ணுக்கே தெரியாத இப்படியொரு சுவரை எந்தக் கொத்தன் கட்டினானோ என்று வாய் பிளந்து நின்றேன்.

அவர் போனிலேயே அண்ணனிடம் பேசினேன். பதினோரு வருஷம் ஆகிறது, "நீ போட்ட தரையில் தண்ணீர்தான் தேங்கும்" என்று அவனை நாலு பேர் முன்னால் நான் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு போனவன். டிக்கெட் இல்லாமல் அவன் உள்ளே வர முடியாது, விசா இல்லாமல் நான் வெளியே போக முடியாது. "குடிதண்ணீர்க் குழாய்கிட்ட போய்ப் பாருங்கப்பா, அந்தத் தரை நான் போட்டது" என்றான்.

போனேன் மகளே. கண்ணுக்கெட்டிய வரை கல், மயிரிழை ஏற்றத்தாழ்வு இல்லை. வெட்டின துண்டுகள் எல்லாம் வலது ஓரத்தில், நம் பீச்சாங்கையனின் வேலையேதான். வலிக்கிற முழங்காலை மடக்கி உட்கார்ந்து, போனைத் தரையில் வைத்து, ஒவ்வொரு கல்லாக விரல் முட்டியால் தட்டினேன், அடியில் கலவை நிறையாத கல் என்றால் பொள்ளலாகச் சத்தம் வரும். "ஒண்ணுகூடப் பொள்ளல் இல்லடா" என்றேன். "இன்னொரு தடவை தட்டுங்கப்பா" என்றான். விமானத்துக்குக் கூப்பிடும் வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.

நீ லீவில் வரும்போது அந்த விசாவை முன்னாலேயே வாங்கிவிடு, மறந்துவிடாதே. வெளியே போய் அவன் முகத்தைப் பார்த்து, அப்படியே வந்து எனக்குச் சொல். குறையில்லாமல் நீடூழி வாழ்வீர்கள்.

இப்படிக்கு, இன்னும் விரல் முட்டி சிவந்திருக்கும் உன் அப்பா, இடது பெருவிரல் ரேகை.